உலையும் ஓலையும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இப்போது ஆங்காங்கே தென்படுகின்றன. அவ்வீடுகளில் படிப்புக்கும் சமையலுக்கும் ஏற்பட்டுள்ள உறவைப் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை.

1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வருவாய்த்துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவரும், நான்கு வருஷங்களுக்கு முன்பே மனைவியை இழந்தவருமான ஜிட்டு நாராயணய்யா என்னும் தெலுங்கர், அடையாறு பிரம்மஞான சபையில் ஓர் எழுத்து வேலையை ஏற்றுக்கொண்டு, தாயற்ற பிள்ளைகளோடு வந்து, சபையின் எல்லைக்கு வெளியே இருந்த சிதிலமான ஒரு சிறு வீட்டில் குடியேறினார். அப்பிள்ளைகளுள் கிருஷ்ணமூர்த்தியும் அவன் தம்பி நித்யானந்தமும் நாள்தோறும் அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்து சென்று, பென்னாத்தூர் சுப்பிரமணியம் உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, மாலையில் மறுபடியும் நடந்தே திரும்பினார்கள். தம்பி சூட்டிகையானவன். அண்ணனுக்கோ பாடத்தில் மனம் பதியவில்லை. அதற்காக அவன் பிரம்படி படாத நாள் அபூர்வம். அந்த அடியையே முகாந்தரமாகக் கொண்டு, சபையின் பிரமுகரான லெட்பீட்டர் அவ்வாண்டிலேயே சகோதரர் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட ஏற்பாடு செய்தார். இங்கிலீஷ் கற்பிக்க ஒருவர், கணிதத்துக்கு ஒருவர், நீந்தவும் சைக்கிள் விடவும் பழக்க ஒருவர் என்று சபையின் வளாகத்துக்குள்ளேயே உபாத்தியாயர்கள் அமர்ந்தார்கள். சென்னை மாநகரத்தில் வீட்டுக் கல்விக்கு ஆதாரபூர்வமாகக் காட்டக்கூடிய பழைய உதாரணங்களுள் இது முக்கியமானது, பின்னாளில் ஜே.கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்த ஞானியின் இளமைக் கதையும் இதுவே.

பெரிய நூலகமும், ஆலமரத்தின் நிழலும், ஆற்றுமுகத்தின் காற்றும், சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பும் வாய்த்திருந்தும், அந்தப் பிள்ளைக்கு வாய்க்காமற்போனது ஒன்று உண்டு. 1911-இல் லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டபின், பாலும் கஞ்சியும் முட்டையுமாக விதித்திருந்த ஆகார நியமம் அவன் வயிற்றுக்கு ஒவ்வாமல், இரவெல்லாம் நோவில் துடித்துவிட்டுக் காலையில் மறுபடியும் அதே தட்டின்முன் உட்கார வேண்டியிருந்தது. தாய்மொழியான தெலுங்கு நாளடைவில் அவனுக்கு மறந்தே போயிற்று. லண்டன் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையை முயன்று முயன்று பார்த்தும் அவன் தேறவில்லை. பெசன்ட் அம்மையாரிடமிருந்து மகன்களைத் திரும்பப் பெற நாராயணய்யா தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கு, பிரிவி கவுன்சில் வரை சென்று 1914-இல் அவருக்கு எதிராக முடிந்தது. தம்முடைய பால்யத்தில் இன்பமான ஞாபகங்களெல்லாம் தாயைச் சுற்றியே இருந்தன என்று கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தில் குறித்து வைத்தார். பள்ளியை விட்டு விலகினால் மட்டும் வீட்டுக் கல்வி ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. உபாத்தியாயர் எத்தனை பேர் வந்து போனாலும், பசித்த வேளையில் பிள்ளையின் மனமறிந்து சோறு வைக்கும் ஓர் அடுக்களை அந்த ஏற்பாட்டின் நடுவில் இல்லாவிட்டால், அது வீட்டில் நடக்கும் பள்ளிக்கூடமே தவிர வீட்டுக் கல்வி ஆகாது.

மணியடிக்காத வீடுகள்

இக்காலத்தில் தென்சென்னையில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் துணிகிறவர்களின் காரணங்கள் பலவிதமானவை. சதுரங்கத்திலோ சங்கீதத்திலோ நாட்டியத்திலோ குழந்தை முழுநாள் சாதகம் செய்ய வேண்டியிருப்பது ஒன்று. எழுத்துக் கூட்டுவதில் சிரமப்படும் பிள்ளையை நாற்பது பேருள்ள வகுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்கச் சொல்லித் துன்புறுத்த மனமில்லாமை ஒன்று. கொள்ளை நோயின் காலத்தில் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுக்குள் வந்த பாடப்புத்தகத்தைத் திருப்பி அனுப்ப விருப்பமில்லாமற்போனது மற்றொன்று. காலை ஏழு மணிக்கு வேன் வாசலில் வந்து ஹாரன் அடிப்பதற்குள், தூக்கம் கலையாத குழந்தையின் வாயில் இரண்டு கவளத்தைத் திணித்து, கொதிக்கக் கொதிக்கக் கிளறிய எலுமிச்சம்பழ சாதத்தை டப்பாவில் அடைத்து அனுப்பி, அது மதியத்துக்குள் விறைத்துப்போய், மாலையில் பாதி மீந்து திரும்பிவருவதைக் காணும் தாய்மாரின் ஆற்றாமையும் இக்காரணங்களுள் ஒன்று. அதை யாரும் முதலாவதாகச் சொல்வதில்லை. பேச்சு நீள நீள அதுவே மேலெழுந்து வரும்.

சட்டத்தின் நிலை இவ்விஷயத்தில் சற்று மயக்கம் தருவது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. ஆயினும் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வி என்ற ஒன்றை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. ஜெர்மனியில் பொதுவாக இதற்கு இடமே கிடையாது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இது சட்டபூர்வமானது. நாமோ இவ்விரண்டுக்கும் நடுவே, கேட்பாரில்லாத வரையில் சௌகரியமென்னும் நிலையில் இருக்கிறோம். பரீட்சைக்கு வழி இல்லாமல் இல்லை. 1989-இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று தொடங்கப்பட்டு, 2002-இல் பெயர் மாறிய என்.ஐ.ஓ.எஸ். நிறுவனத்தின் பத்தாம் வகுப்புப் பரீட்சையை, பதினான்கு வயது நிரம்பிய எவரும், எந்தப் பள்ளியின் சான்றும் இல்லாமல் எழுதலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஒரே மூச்சில் எழுத வேண்டிய நிர்ப்பந்தமில்லை. ஐந்து வருஷங்களுக்குள் சிறிது சிறிதாக முடித்துக்கொள்ளலாம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மனையியல் என்று சமையலும் சத்துணவும் துணி பராமரிப்பும் அடங்கிய பாடமும் அங்கே உண்டு. நம் மாநிலத்துத் தேர்வுகள் இயக்ககமும் தனித்தேர்வர்களுக்கென்று எட்டாம் வகுப்புப் பரீட்சை நடத்துகிறது.

தகப்பன் திறந்த கதவு

மயிலாப்பூருக்கு இந்த வழக்கம் புதிதன்று. பெண்குழந்தைகளைப் பொறுத்தவரை, நூறு வருஷங்களுக்கு முன்பு வீடே அவர்களுக்குப் பள்ளியாக இருந்தது. பெரும்பாலும் அது சமையலோடும் பாட்டோடும் நின்றுபோகும் பள்ளி. அந்த எல்லையைத் தாண்டியவர்களுள் முதன்மையானவர் 1886-இல் மயிலாப்பூரில் பிறந்த ஆர்.எஸ்.சுப்புலட்சுமி அம்மையார். அக்கால வழக்கப்படி பால்யத்திலேயே விவாகமாகி, விரைவிலேயே கைம்மை அடைந்த அந்தச் சிறுமியை, ஊர் எதிர்பார்த்தபடி மூலையில் உட்காரவைக்காமல், அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் தாமே பக்கத்தில் உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தொடங்கிய அந்தப் பாடம் எழும்பூர்க் கான்வென்டுக்கும், அங்கிருந்து மாநிலக் கல்லூரிக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்து, 1911-இல் பி.ஏ. பட்டதாரி ஆக்கியது.

அம்மையார் அதன்பின் செய்த காரியம் இன்னும் விசேஷமானது. தம்மைப்போலவே கைம்மை அடைந்த சிறுமிகள் சிலரைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு, 1912-இல் சாரதா இல்லம் என்னும் பெரும்பணிக்கு அடிகோலினார். அம்மையார் பாடம் சொல்ல, குடும்பப் பொறுப்பைத் தாங்கியவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். கைம்பெண்ணுக்கு ஒருவேளைச் சோறே விதி என்றும், நல்ல காரியத்தில் அவள் முகத்தில் விழிப்பது அபசகுனம் என்றும் இருந்த அக்காலத்தில், ஒதுக்கிவைக்கப்பட்ட குழந்தைகள் கூடியமர்ந்து இலையில் கைவைத்துச் சாப்பிட்டு, அப்பால் புத்தகத்தைப் பிரித்த வீடு அது. நாளடைவில் அந்த இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்ற கட்டடத்துக்கு மாறி வளர்ந்தது. சுப்புலட்சுமி அம்மையாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டத்தையும் பள்ளிகளையும் சொல்லுவார்கள். வாலாம்பாளின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ஆயினும் அந்த இல்லத்தில் முதல் உபாத்தியாயினியும் முதல் சமையற்காரியும் ஒரே குடும்பத்துப் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருத்தி இல்லாமல் மற்றொருத்தியின் காரியம் நடந்திராது.

நாலுக்கு ஒன்று

மந்தைவெளியில் எங்கள் உறவில் ஒரு குடும்பம் இருக்கிறது. பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் பள்ளிக்குப் போவதில்லை. தாயார் பாங்கு உத்தியோகத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். தகப்பனாரின் தாயாரும் உடனிருக்கிறார். அந்த வீட்டில் காலைப் பாடம் கூடத்தில் ஆரம்பித்துப் பத்து மணிக்கு மேல் தன்னிச்சையாக அடுக்களையை நோக்கி நகர்ந்துவிடும். ஒருநாள் மாவுக்கு ஊறவைக்கும் நேரத்தில் நான் அங்கே இருந்தேன். புழுங்கலரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு என்பது அந்த வீட்டுக் கணக்கு. அன்றைக்கு டப்பாவில் அரிசி மூன்று டம்ளர்தான் இருந்தது.

“பாட்டி, நாலுக்கு ஒண்ணுன்னா மூணுக்கு எவ்வளவு போடறது?”

“நீதான் கணக்குப் பண்ணி எனக்குச் சொல்லணும். நேத்திக்கு அம்மா என்ன சொல்லிக் குடுத்தா?”

பெண் சிறிது நேரம் உளுந்து டப்பாவையும் டம்ளரையும் பார்த்தாள். பிறகு டம்ளரில் முக்கால் மட்டத்தில் நகத்தால் ஒரு கோடு காட்டி, “இதுவரைக்கும்” என்றாள். பின்னப் பாடத்தின் ஓர் அத்தியாயம் அந்த நகக்கோட்டில் முடிந்துபோயிற்று. பாட்டியம்மாள் ஒரு சிட்டிகை வெந்தயத்தைத் தாமே சேர்த்துக்கொண்டு, “இது கணக்குல வராது” என்றார்.

மாவு புளிப்பதும் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு பாடம். உளுந்தின் மேலேயே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீரும் சூடும் கிடைத்தவுடன் பெருகி, வாயுவை வெளிவிட்டு, மாவைப் பொங்கச் செய்கின்றன. சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் ஆகும் இந்தக் காரியம், மார்கழிக் குளிரில் பொழுது விடிந்தபின்னும் ஆகாமல் கிடக்கும். பையன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் மட்டத்தைக் குறித்து, மணிக்கு ஒருதரம் வந்து பார்த்து, நோட்டில் எழுதுகிறான். எழுத்து கோணல்மாணல், ஆயினும் வெப்பத்துக்கும் வேகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவன் இனி ஒருநாளும் மறக்கப் போவதில்லை.

ரசம் வைப்பதில் அடங்கியுள்ள சாஸ்திரம் இன்னும் சுவாரசியமானது. அந்த வீட்டில் ஈயச் சொம்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது வெள்ளீயம்; 232 டிகிரியில் உருகிவிடும் உலோகம்; வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சற்று நேரத்தில் அடிப்பாகம் காணாமற்போகும். ஆனால் புளிக்கரைசல் உள்ளே இருக்கும்வரை, நீர் நூறு டிகிரிக்கு மேல் சூடேறாமல் தானும் ஆவியாகிச் சொம்பையும் காப்பாற்றிவிடுகிறது. “தண்ணி ஊத்தாம அடுப்புல வைக்காதே” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கட்டளைக்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறதென்று தெரிந்துகொண்ட அன்று, அந்தப் பெண்ணைவிட அவளுடைய பாட்டிக்கே அதிக சந்தோஷம். புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீரை விட்டு விளாவி, ஓரங்களில் நுரை கூடி நடுவை நோக்கி வரும் கணத்தில், கொதிவர விடாமல் இறக்கிவிட வேண்டும். அந்த ஒரு கணத்தைக் கண்ணால் பிடிக்கக் கற்ற குழந்தைக்குச் சோதனைச்சாலையில் உற்றுநோக்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பதினொன்றரை மணிக்கு இலை போட்டாயிற்று. குழைந்த சாதத்தில் நெய்யும் ரசமும், தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையலும், தணலில் காட்டிச் சுட்ட அப்பளமும். இதற்குமேல் ஒன்றுமில்லை, இதற்குமேல் யாருக்கும் வேண்டியிருக்கவும் இல்லை. காலையில் வகுத்தல் கணக்கில் தோற்று அழுத பையன், இரண்டாம் முறை ரசம் கேட்டபோது அழுத சுவடே தெரியவில்லை. வயிற்றுக்கு இதமான சோறு குழந்தையின் புத்தியில் செய்யும் வேலையை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதிவைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பெற்ற தோல்வியோடு மாலைவரை தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையையும், தோற்ற அரைமணியில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிடும் குழந்தையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு அது தானே விளங்கும்.

இதையெல்லாம் பாட்டிமாரின் பழங்கதை என்று ஒதுக்குபவர்கள், 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரை நினைத்துக்கொள்ளலாம். பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் வந்த அந்த இத்தாலியப் பெண் வைத்தியர், கீற்றுக்கொட்டகைகளில் நூற்றுக்கணக்கான உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டபடியால் ஊர் திரும்ப வழியின்றி, 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுதல், தானியங்களை வகைபிரித்தல், காய் தோல் சீவுதல், மேஜை துடைத்தல் ஆகிய வீட்டு வேலைகளையே குழந்தைக்கு முதற்பாடமாக வகுத்தவர் அவர். நம் அடுக்களைகளில் முறமும் சல்லடையும் செய்துவந்த காரியத்தை அவர் சாஸ்திரமாக்கித் தந்தார். நாம் அதற்குக் கட்டணம் செலுத்தி, முறத்தைப் பரணில் போட்டுவிட்டோம்.

அடையாற்றின் மறுகோடியில் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குப் போனால், வீட்டுக் கல்வி என்ற பெயரே கேள்விப்படாமல் அதைத் தலைமுறைகளாக நடத்திவரும் குடும்பங்களைக் காணலாம். அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கும் போகிறார்கள். கச்சான் எது, வாடை எது, கொண்டல் எது என்று காற்றைப் பிரித்தறியும் வித்தையைத் தகப்பனிடமும் பெரியப்பனிடமும் கற்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் படகு இறங்காத நாட்களில், வெயிற்காலத்தில் காயவைத்த நெத்திலிக் கருவாடு குழம்பாகிச் சுடுசோற்றின்மேல் விழும்போது, காலத்தே சேமித்துவைப்பதன் பொருளாதாரத்தை யாரும் அக்குழந்தைகளுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

எழுதிவைத்த கைப்பக்குவம்

பாட்டி இல்லாத வீடுகள் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1951-லேயே ஒருவர் விடை எழுதிவிட்டார். சிறு வயதிலேயே கணவனை இழந்து குடும்பபாரத்தைச் சுமந்த எஸ்.மீனாட்சி அம்மாள், உற்றாரும் உறவினரும் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதியதற்கெல்லாம் தனித்தனியே பதில் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவருடைய மாமாவும் பிரபல வக்கீலுமான கே.வி.கிருஷ்ணசுவாமி ஐயர், புத்தகமாகவே எழுதிவிடும்படி ஊக்கினார். அப்படி வெளிவந்தது “சமைத்துப் பார்”. கல்யாணமாகிக் கடல் கடந்து போகும் பெண்ணின் பெட்டியில் புடவைகளுக்கிடையே இந்நூலை வைத்தனுப்புவது பல குடும்பங்களில் ஒரு சடங்காகவே ஆயிற்று. பல்கலைக்கழகம் எதிலும் பயிலாத ஒரு பெண்மணி, தம் அடுக்களையில் கற்றதை, அளவும் நேரமும் வரிசையும் பிசகாமல் எழுதிக்காட்டி, ஒரு மொழியின் உரைநடைக்கே ஒரு துறையைச் சேர்த்துவிட்டார். வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் இந்நூலைத் தமிழ்ப் பாடப்புத்தகமாகவே உபயோகிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஏவல் வாக்கியங்களைச் சுருங்கவும் ஐயந்திரிபறவும் எழுதுவது எப்படி என்று அதில் கற்கலாம். ஆழாக்கு எட்டு கொண்டது ஒரு படி என்ற பழைய வாய்பாட்டை லிட்டருக்கு மாற்றும் கணக்கையும் அதை வைத்தே போடலாம். முடிவில் தின்பதற்கும் ஏதேனும் கிடைக்கும்.

தியாகராய நகர் தரும் எச்சரிக்கை

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இந்நகரத்தின் கல்விச் சரித்திரத்தில் வீட்டுச் சோறு கிடைக்காத பிள்ளைகளின் அத்தியாயம் பெரியது. தியாகராய நகருக்குத் தம் பெயரைத் தந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை நகரசபையின் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒருநாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. அந்த ஓரணாவையும் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து எடுக்கக்கூடாதென்று அன்றைய அரசாங்கம் ஆட்சேபிக்க, சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. பசித்த குழந்தையைப் பள்ளிக்கு வரவழைக்கச் சோறே வழி என்ற உண்மையை அது நிலைநாட்டிவிட்டது.

அதே தியாகராய நகரில், ராஜாஜி வாழ்ந்த பஸ்லுல்லா ரோடும் காமராஜர் வாழ்ந்த திருமலைப் பிள்ளை ரோடும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் ஒருவேளை பள்ளியில் படித்துவிட்டு, மறுவேளை வீட்டில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்றது. வீடு ஒரு பள்ளி என்பதே அதன் அடிப்படை. ஆனால் ஜாதியால் தொழில் விதிக்கப்பட்டிருந்த சமூகத்தில், தகப்பனின் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது தகப்பனின் நுகத்தடிக்கே திருப்பி அனுப்புவதாகும் என்று பெரியாரும் பிறரும் கொதித்தெழுந்தனர். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் நிலைத்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. சில வருஷங்களுக்குள் அவர் மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் விரிக்கலானார். எம்.ஜி.ஆர். அதை 1982-இல் சத்துணவாக வளர்த்தார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து, உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் பள்ளியிலேயே பரிமாறப்படுகின்றன.

ஆகையால் வீட்டுக் கல்வியைப் பற்றி மந்தைவெளியிலும் பெசன்ட் நகரிலும் பேசுகிறவர்கள், தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காயம் உண்டென்பதை மறக்கலாகாது. யாருக்கு வீடு கதவைத் திறந்ததோ அவர்களுக்கு வீட்டுக் கல்வி ஒரு சௌபாக்கியம். யாரை வீடே கட்டிப்போட்டிருந்ததோ அவர்களுக்குப் பள்ளிக்கூடமே விமோசனம். சுப்புலட்சுமி அம்மையாரின் தந்தை நடத்திய பாடமும், தியாகராயர் வழங்கிய சிற்றுண்டியும் மேற்பார்வைக்கு எதிரெதிரானவை. உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்றே. படிப்பைச் சோற்றிலிருந்து பிரிக்க முடியாது என்பதை ஒன்று வீட்டிலிருந்து சொல்லிற்று, மற்றொன்று பள்ளியிலிருந்து சொல்லிற்று.

யார் கையில் கரண்டி?

எஞ்சியிருப்பது, இக்குடும்பங்களில் பெரும்பாலும் பேசப்படாத ஒரு விஷயம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தாய்க்குக் காலை ஏழரை முதல் மாலை மூன்றரை வரை ஓர் இடைவெளி கிடைக்கிறது. வீட்டுக் கல்வியில் அது இல்லை. காலையில் சிற்றுண்டி, நடுவில் பாடம், பதினொன்றரைக்குச் சாப்பாடு, பிற்பகலில் கோட்டூர்புரத்து நூலகத்துக்கோ கோளரங்கத்துக்கோ அழைத்துப்போய் வருதல், நாலு மணிக்குப் பசியென்று வந்து நிற்பவர்களுக்கு அடையோ உப்புமாவோ, இரவில் மறுபடியும் அடுப்பு. உபாத்தியாயினி, சமையற்காரி, வண்டியோட்டி, வைத்தியர் என்ற நான்கு உத்தியோகங்களையும் சம்பளமில்லாமல் பார்ப்பவள் தாய், மாலையில் வந்து, “இன்னைக்கு என்ன படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டுக் காபிக்காக உட்காருபவர் தகப்பனார். இது நீடித்தால், இரண்டு வருஷத்தில் தாயின் பொறுமை தீரும். பொறுமை தீர்ந்த வீட்டில் பாடமும் ருசிக்காது, ரசமும் ருசிக்காது.

இதற்குப் பரிகாரம் சில குடும்பங்களில் நடைமுறையிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சமையல் தகப்பனாருடையது. அன்றைக்குத் தாயார் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயதில் அரிவாள்மணையும் அடுப்பும் அறிமுகமாகின்றன. ஒத்த மனமுள்ள மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வீட்டில் கணிதம், மறு வீட்டில் சங்கீதம், வேறொரு வீட்டில் வெறும் விளையாட்டு என்று பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்பி, அந்தந்த வீட்டிலேயே சாப்பிடவைத்துவிடுகின்றன. தன் வீட்டு ரசத்தைத் தவிர வேறு ருசி அறியாத நாக்கும், தன் வயதுப் பிள்ளைகளோடு சண்டையிட்டுச் சமாதானமாகத் தெரியாத மனமும், வீட்டுக் கல்வி விளைவிக்கக்கூடிய இரண்டு குறைகள். அடுத்த வீட்டுப் பந்தியில் உட்காருவது இரண்டுக்கும் ஒரே மருந்து. மயிலாப்பூரில் மெஸ்களுக்கும் பஞ்சமில்லை. மாதத்தில் சில நாள் அடுப்புக்கு ஓய்வு கொடுப்பதால் குடும்ப கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். வீட்டில் படிக்கும் குழந்தை எங்கே பதிவாக வேண்டும், அது உண்மையாகவே கற்கிறதா, நன்றாக உண்கிறதா என்பதை வருஷத்துக்கு ஒருமுறையேனும் யார் பார்ப்பது என்று தெளிவாக ஒரு விதி இருந்தால், நேர்மையான பெற்றோருக்கு அச்சம் தீரும். வீட்டுக் கல்வி என்ற பெயரில் குழந்தையை வேலைக்கு வைப்பவர்களுக்கும், பெண்ணைப் படிக்கவிடாமல் தடுப்பவர்களுக்கும் மறைவிடம் இல்லாமற்போகும்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா என்று யோசிக்கும் தம்பதிகள், எந்தப் பாடத்திட்டம் சிறந்தது என்று ஆராய்வதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வீட்டில் நடக்கவேண்டிய காரியங்களை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்: காலையில் மாவரைப்பது யார், கணக்குச் சொல்லிக்கொடுப்பது யார், மத்தியானம் பரிமாறுவது யார், பாத்திரம் தேய்ப்பது யார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது யார், பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதுவது யார். ஒவ்வொன்றின் எதிரிலும் பெயரை எழுதட்டும். வீட்டிலுள்ளவர்கள் எல்லோருடைய பெயரும் அந்தத் தாளில் கலந்து வருமானால், தயங்காமல் தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் விடையாக வருமானால், பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்புவது உத்தமம்.